கொல்லைப் பூசணியில் நாய்க்கு பிஸ்கட்! இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமா?

செகிஞ்சான், தஞ்சோங் காராங், ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா என்று கோல சிலாங்கூரைச் சுற்றி எங்கே போனாலும் நம்மவர் வீட்டு வாசலில் ஒரு நாய் படுத்திருக்கும். பின்பக்கம் கொல்லையில் பூசணிக் கொடி படர்ந்திருக்கும். வேலியோரம் மரவள்ளி நிற்கும். கடையில் பளபளக்கும் பொட்டலத்தில் விற்கிற நாய்த் தின்பண்டத்துக்கு வேண்டியவை எல்லாம் நம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன! அதற்குப் பின்னால் எத்தனை அதிசயங்கள், தெரியுமா?

உலகின் முதல் நாய் பிஸ்கட்டிலேயே காய்கறி இருந்தது, தெரியுமா?

சுமார் 1860. ஜேம்ஸ் ஸ்பிராட் என்ற அமெரிக்க வணிகர் இங்கிலாந்துக்கு வருகிறார். கப்பல்காரர்கள் தூக்கியெறிந்த கல் போன்ற பிஸ்கட்டுகளைத் துறைமுகத்து நாய்கள் மொய்த்துத் தின்பதைப் பார்க்கிறார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. உடனே அவருக்கு யோசனை பிறக்கிறது! கோதுமை மாவு, மாட்டிறைச்சி, அதோடு பீட்ரூட் உள்ளிட்ட காய்கறி சேர்த்து நாய்களுக்கென்றே பிஸ்கட் செய்து லண்டனில் விற்கத் தொடங்கினார். அவர் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த சார்ல்ஸ் கிரஃப்ட் என்ற இளைஞர்தான் 1891இல் தம் பெயரிலேயே நாய்க் கண்காட்சி தொடங்கினார். அதுவே இன்று உலகப் புகழ் பெற்ற 'கிரஃப்ட்ஸ்'! ஆக, நாய்க்குக் காய்கறி பிஸ்கட் என்பது நேற்று முளைத்த நாகரிகம் அல்ல. 160 ஆண்டுப் பழக்கம்!

ஓநாயைவிட நாய்க்குச் சோறு நன்றாகச் செரிக்கும், தெரியுமா?

ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 12 ஓநாய்களின் மரபணுவையும் 60 நாய்களின் மரபணுவையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முடிவு 2013இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. மாவுச்சத்தைச் செரிக்க வைக்கும் அமைலேஸ் என்ற நொதியை உண்டாக்கும் ஒரு மரபணு ஓநாய்க்கு 2 படிகள்தான். நாய்க்கோ 4 முதல் 30 படிகள் வரை! மனிதன் பயிர் வைத்தான்; அவன் காலடியில் கிடந்த நாயின் வயிறும் அதற்கேற்ப மாறிக்கொண்டது. உழவு வேரூன்றிய நாட்டு நாய்களிடம் இந்தப் படிகள் பொதுவாக அதிகம்; ஆஸ்திரேலிய டிங்கோவிடமும் பனிநாட்டு ஹஸ்கியிடமும் குறைவு. ஆண்டுக்கு இருபோகம் நெல் விளையும் செகிஞ்சானின் அரிசி மாவை நாய் பிஸ்கட்டுக்கு அடித்தளமாக்கலாம் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்!

பூசணியின் மஞ்சள் நிறம் நாயின் கண்ணுக்கு நல்லது, தெரியுமா?

பூசணி, கேரட், மஞ்சள் சர்க்கரைவள்ளி ஆகியவற்றுக்கு நிறம் தருவது பீட்டா கரோட்டின். நாயின் உடல் அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். பூனையால் அது முடியாது! ஆனால் ஒரு சூட்சுமம். பச்சைக் கேரட்டைப் பெரிய துண்டாகக் கொடுத்தால் பெரும்பகுதி செரிக்காமல் அப்படியே வெளியே வந்துவிடும். வேகவைத்து மசித்தால்தான் காயின் செல்சுவர் உடைந்து சத்து வெளிவரும். பூசணியின் நார்ச்சத்துக்கு இன்னோர் ஆற்றலும் உண்டு: மலம் இறுகினாலும் சரி, இளகினாலும் சரி, இரண்டையும் சீராக்க உதவும். 100 கிராம் பூசணியில் வெறும் 26 கலோரிதான். கொழுத்த நாய்க்கும் பயமில்லாமல் கொடுக்கலாம்.

இன்னொன்று: நமக்கு முடியாத வேலை ஒன்றை நாயின் கல்லீரல் செய்கிறது. வைட்டமின் சி-யைத் தானே தயாரித்துக்கொள்கிறது! நலமான நாய்க்குப் புளிப்புப் பழங்களைத் தேடித் தரவேண்டிய அவசியமே இல்லை.

நாய்க்கு இனிப்பு தெரியும், பூனைக்குத் தெரியாது, தெரியுமா?

இனிப்பை உணரும் மரபணு பூனை இனத்தில் செயலிழந்து கிடக்கிறது. நாயிடம் அது உயிரோடு இருக்கிறது! நம் நாக்கில் சுமார் 9,000 சுவை மொட்டுகள், நாய்க்கு 1,700தான். ஆனாலும் வெந்த சர்க்கரைவள்ளியின் இனிப்பு அதற்கு நன்றாகவே தெரியும். சீனியோ தேனோ தேவையே இல்லை. குறைந்த சுவை மொட்டை நாய் மூக்கால் ஈடுகட்டுகிறது. அதனால்தான் ஓவனில் பிஸ்கட் வேகும்போதே அது அடுக்களை வாசலுக்கு வந்துவிடுகிறது!

நாம் அன்போடு ஊற்றும் சாம்பாரே நாய்க்கு ஆபத்து, தெரியுமா?

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். தோட்டத்து வீடுகளில் மிச்சச் சோற்றில் குழம்பு ஊற்றிப் பிசைந்து வைப்பதுதான் தலைமுறை தலைமுறையான வழக்கம். அன்பில் குறையில்லை. ஆனால் அந்தக் குழம்பில் என்னென்ன இருக்கின்றன?

முதலில் வெங்காயமும் பூண்டும். இவற்றின் கந்தகச் சேர்மங்கள் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கின்றன. வதக்கினாலும் வேகவைத்தாலும் பொடியாக்கினாலும் நஞ்சு போகாது. நாயின் எடையில் அரை விழுக்காடு ஒரே வேளையில் உள்ளே போனாலே ஆபத்து தொடங்கலாம். அதாவது 10 கிலோ நாய்க்கு 50 கிராம் வெங்காயம்! ஈறு வெளுப்பது, சோர்ந்து கிடப்பது, சிறுநீர் கருஞ்சிவப்பாவது போன்ற அறிகுறிகள் சில நாள் கழித்தே தெரிவதால், பலருக்குக் காரணமே புரிவதில்லை. உண்ணி போகும், பூச்சி போகும் என்று பூண்டு கொடுப்பதையும் இன்றோடு விட்டுவிடுங்கள்.

அடுத்தது புளி! திராட்சை தின்ற நாய்களின் சிறுநீரகம் ஏன் செயலிழக்கிறது என்பது நெடுங்காலம் புதிராகவே இருந்தது. டார்ட்டாரிக் அமிலமே காரணமாக இருக்கலாம் என்று அமெரிக்காவின் விலங்கு நச்சுக் கட்டுப்பாட்டு மையத்துக் கால்நடை மருத்துவர்கள் 2021இல் எடுத்துச் சொன்னார்கள். துப்புக் கொடுத்தது என்ன தெரியுமா? அதே அமிலத்தின் உப்பு கலந்த, வீட்டில் செய்த விளையாட்டு மாவைத் தின்ற ஒரு நாய்! புளி தின்ற நாய்களிடமும் அதே சிறுநீரகப் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. பழங்களிலேயே டார்ட்டாரிக் அமிலம் மிகுந்தது நம் புளிதான்.

ஆகவே தங்கமான விதி ஒன்றே ஒன்று: நாயின் பங்கை உப்பும் புளியும் வெங்காயமும் சேரும் முன்பே எடுத்து வைத்துவிடுங்கள். அதே பூசணி, அதே கேரட், அதே பயற்றங்காய். குழம்பில் விழும் முன் அமுது, விழுந்த பின் நஞ்சு!

மரவள்ளியைப் பச்சையாகக் கொடுக்கவே கூடாது, தெரியுமா?

ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்து மக்களின் உயிரைப் பிடித்து வைத்த கிழங்கு அது. ஆனால் பச்சை மரவள்ளியில் லினமரின் என்ற பொருள் இருக்கிறது. கிழங்கு நசுங்கும்போது அதிலிருந்து சயனைடு வெளிவரும்! நம் பாட்டிமார் தோலை நன்றாகச் சீவி, தாராளமாகத் தண்ணீர் விட்டு, திறந்த பானையில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டினார்களே, அதே முறைதான் நாய்க்கும். மரவள்ளி இலையும் தோலும் நாய்க்கு எட்டாமல் இருக்கட்டும்.

இவையும் தள்ளி வைக்க வேண்டியவை, தெரியுமா?

மைலோவில் கொக்கோ இருக்கிறது. கொக்கோவின் தியோபுரோமின் நாயின் உடலில் மெதுவாகவே கரைவதால் நெஞ்சைப் படபடக்க வைக்கும். சீனியில்லாத சூயிங்கத்திலும் சில கடலை வெண்ணெயிலும் சேர்க்கும் சைலிட்டால் அரை மணி நேரத்திலேயே இரத்தச் சர்க்கரையை வீழ்த்திவிடும். பாசார் மாலாமில் வாங்கிய சோளத்தின் கட்டையும் மாங்கொட்டையும் நஞ்சல்ல, ஆனால் குடலில் போய் அடைத்துக்கொள்ளும்!

செம்பனை நாட்டில் ஒரு சொட்டு எண்ணெய்கூட வேண்டாம், தெரியுமா?

மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் எங்கே தொடங்கியது? நம் கோல சிலாங்கூர் மாவட்டத்தில்தான்! 1917இல் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம், இன்றைய பெஸ்தாரி ஜெயாவின் தென்னமரம் தோட்டத்தில், ஆன்ரி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் நட்டார். பின்னாளில் அவர் எழுதிய மலாயா நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசும் கிடைத்தது. அப்படி எண்ணெய்க்கே பேர்போன மண்ணிலும் நாய் பிஸ்கட்டுக்கு எண்ணெய் தேவையில்லை. முறுக்கு, பொரித்த கோழித்தோல் போன்ற கொழுப்புப் பண்டங்கள் நாய்க்குக் கணைய அழற்சியைக் கொண்டுவரக்கூடும். எண்ணெய் விடாமல் சுட்டால் அந்தக் கவலையே இல்லை!

கோதுமையே இல்லாமல் பிஸ்கட் நிற்கும், தெரியுமா?

ஐரிஷ் செட்டர் போன்ற இனத்தில் கோதுமையின் பசைப்புரதம் ஒத்துக்கொள்ளாத பரம்பரைக் குடல்நோயே உண்டு. அரிசி மாவில் அந்தப் பசை இல்லை. அதனால் பிஸ்கட் உதிரும் என்று பயப்படாதீர்கள். கொழுக்கட்டைக்கு மாவு கிளறுவது போலச் சூட்டோடு கிளறினால், மாவு ஓரளவு வெந்து தானே பிடித்துக்கொள்ளும்!

தேவையானவை: அரிசி மாவு 300 கிராம், ஆவியில் வேகவைத்து மசித்த பூசணி 200 கிராம், துருவிய கேரட் 50 கிராம், முட்டை 1. உப்பு, சீனி, எண்ணெய் எதுவும் வேண்டாம்.

பூசணி மசியலைக் கொதிக்கும் சூட்டில் மாவில் கொட்டிக் கிளறி, பத்து நிமிடம் மூடி வையுங்கள். ஆறியதும் கேரட்டும் முட்டையும் சேர்த்துப் பிசையுங்கள். இறுகினால் வெந்நீர் ஒரு கரண்டி, இளகினால் மாவு ஒரு கரண்டி. அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்த்து, 100 சிறு துண்டுகளாக வெட்டுங்கள். ஓவனில் 160 டிகிரி செல்சியசில் அரை மணி நேரம் சுடுங்கள். அடுப்பை அணைத்த பிறகும் தட்டை வெளியே எடுக்காமல் உள்ளேயே ஆறவிடுங்கள். அந்த மிச்சச் சூட்டில்தான் மொறுமொறுப்பு பிறக்கும். பூசணிக்குப் பதில் சர்க்கரைவள்ளி, கேரட்டுக்குப் பதில் பொடியாக அரிந்து வேகவைத்த பயற்றங்காய் என்று மாற்றியும் செய்யலாம். கீரை சேர்க்க நினைத்தால் ஒரு கவனம்: பசலைக்கீரையில் ஆக்சலேட் அதிகம். சிறுநீர்க்கல் கண்ட நாய்க்கு அது வேண்டாம்.

பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடாது, தெரியுமா?

நாள் முழுவதும் நாய் உண்ணும் கலோரியில் 10 விழுக்காட்டுக்குள் தின்பண்டம் அடங்க வேண்டும் என்பது கால்நடை மருத்துவர்களின் கணக்கு. 10 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 600 கலோரி என்றால் தின்பண்டத்துக்கு 60. நம் பிஸ்கட் ஒன்றில் சுமார் 12 கலோரி. ஆக, ஐந்து துண்டு! குட்டி நாய்க்கு இரண்டே போதும்.

நம் ஊர்க் காற்றுதான் பிஸ்கட்டின் முதல் எதிரி, தெரியுமா?

கடலும் ஆறும் வயலும் சூழ்ந்த கோல சிலாங்கூரின் ஈரக்காற்றில், வெளியே வைத்த பிஸ்கட் விரைவில் நமத்துவிடும். பின்னாலேயே பூஞ்சணம் வரும். பூஞ்சணத்தைச் சுரண்டிவிட்டுக் கொடுக்காதீர்கள், அதன் நஞ்சு கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே பரவியிருக்கும். காற்றுப் புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் ஒரு வாரம். அதற்கு மேல் வேண்டுமானால் உறைபெட்டியில் வையுங்கள்.

வெயில் நாளுக்கு இன்னொரு யோசனை! நாய்க்கு வியர்வைச் சுரப்பிகள் பெரும்பாலும் பாதங்களில்தான். மூச்சிரைத்துத்தான் அது உடலைக் குளிர்விக்கிறது. மீந்த பூசணி மசியலில் தண்ணீர் கலந்து ஐஸ் தட்டில் உறையவைத்தால், உச்சி வேளைக்கு அருமையான பண்டம் தயார்!

தீபாவளியை ஒட்டி நாய்க்கே ஒரு நாள் உண்டு, தெரியுமா?

நேபாளத்தில் திஹார் பண்டிகையின் இரண்டாம் நாள் 'குக்குர் திஹார்'. நாய்க்கு மாலை போட்டு, நெற்றியில் திலகமிட்டு, வயிறாரச் சாப்பாடு போடுவார்கள்! பைரவரின் வாகனமாக நாயை வணங்கும் நமக்கும் அது அந்நியமான எண்ணமல்ல. தீபாவளிப் பலகாரத்துக்கு ஓவன் சூடாகும் நாளில் ஒரு தட்டு பூசணி பிஸ்கட்டும் உள்ளே போகட்டும்.

முதல்முறை ஒரே ஒரு துண்டு கொடுங்கள். இரண்டு நாள் வயிறு ஒத்துக்கொள்கிறதா என்று பாருங்கள், பிறகு கூட்டுங்கள். நாய்க்குச் சிறுநீரக நோயோ நீரிழிவோ இருந்தால் கால்நடை மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். பூசணி கொடியில் காத்திருக்கிறது, மாவு டப்பாவில் இருக்கிறது; இந்த வாரக் கடைசியிலேயே சுட்டுப் பாருங்கள்!