மூட்டையும் கடிதமும்

ஊரிலிருந்து வருகிறவர் கையில் அம்மா ஒரு மூட்டை கொடுத்தனுப்புவார். அப்பளம் இத்தனை கட்டு, வடாம் இத்தனை படி என்று கடிதம் தனியாகத் தபாலில் வந்து சேரும். மூட்டையைப் பிரித்ததும் கடிதத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்போம். கொண்டுவந்தவர் மேல் சந்தேகம் இல்லை. வழியில் நடந்தது அவருக்கே தெரியாமல் இருக்கலாம் அல்லவா?

இணையதளங்களுக்கும் இந்தச் சரிபார்ப்பு தேவைப்படுகிறது. நாம் பார்க்கும் பக்கம் முழுவதும் அந்தத் தளத்துக்காரர் எழுதியதல்ல. பக்கத்தை இயக்கும் ஸ்கிரிப்ட், அழகுபடுத்தும் ஸ்டைல்ஷீட் ஆகியவை பல சமயம் வேறொரு நிறுவனத்தின் கணினியிலிருந்து வருகின்றன. உள்ளே வந்த ஸ்கிரிப்டுக்கு வீட்டுக்காரருக்குள்ள அதிகாரம் அத்தனையும் உண்டு. நாம் தட்டச்சு செய்யும் கடவுச்சொல்லையும் கார்டு எண்ணையும் அதனால் படிக்க முடியும்.

2018 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை. பார்வைக் குறைவு உள்ளவர்களுக்குப் பக்கத்தை வாசித்துக் காட்டும் ‘பிரௌஸ்அலவுட்’ என்ற ஸ்கிரிப்டில் யாரோ கைவைத்துவிட்டார்கள். அதைப் பயன்படுத்திய தளங்கள் 4,000-க்கும் மேல். பிரிட்டனின் தகவல் பாதுகாப்பு ஆணையர் அலுவலகத் தளமும் அவற்றில் ஒன்று! பார்க்க வந்தவர்களின் கணினிகள் அவர்கள் அறியாமலே ‘மொனேரோ’ என்ற மின்பணத்தை யாருக்கோ சம்பாதித்துக் கொடுத்தன. ஒரு தளத்தின் பூட்டும் உடைக்கப்படவில்லை. மூட்டை மட்டுமே மாற்றப்பட்டது.

இத்தனைக்கும் மருந்து முன்பே இருந்தது. 2016 ஜூனில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு ‘சப்ரிசோர்ஸ் இன்டெகிரிட்டி’ என்ற முறையைப் பரிந்துரைத்திருந்தது. கோப்பைச் சோதித்துப் பார்த்த பிறகு, ‘ஷா-384’ போன்ற கணக்கீட்டால் அதற்கு ஒரு முத்திரை எடுத்து, நம் பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும். கோப்பு வந்ததும் பிரௌசர் தானே கணக்கிட்டு ஒப்பிடும். ஒரு காற்புள்ளி மாறியிருந்தாலும் முத்திரை வேறாகிவிடும். பிரௌசர் அந்தக் கோப்பை ஏற்காது. அம்மாவின் கடிதம் செய்யும் வேலை இதுதான்.

இதற்கும் எல்லை உண்டு. உரியவரே நல்லெண்ணத்தோடு திருத்தினாலும் கோப்பு நின்றுவிடும். ஆகவே குறிப்பிட்ட பதிப்பையே பயன்படுத்தி, மாற்றும்போது புது முத்திரை எடுக்க வேண்டும். ஆளுக்கு ஆள் மாறும் ஸ்கிரிப்டுக்கு முத்திரை இட முடியாது. பிரௌசருக்கு ஏற்றபடி மாறிய ‘பாலிஃபில்’ அத்தகையது. 2024 பிப்ரவரியில் அதை வழங்கிய தளம் கைமாறியது. ஜூனில் அது விஷமத்தனமான நிரல்களை அனுப்புவது வெளிப்பட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் அதைப் பயன்படுத்தி வந்தன. அப்படிப்பட்டவற்றைத் தவிர்ப்பதே நல்லது. முடிந்தால், சோதித்த நகல் ஒன்றை நம் தளத்திலேயே வைத்துக்கொள்ளலாம்.

சங்கத்துக்கும், குழந்தைகளின் தமிழ் வகுப்புக்கும், சிறு வியாபாரத்துக்கும் தளம் வைத்திருக்கும் அன்பர்கள் நம்மிடையே பலர். அதை அமைத்துக் கொடுத்தது பெரும்பாலும் நம் வீட்டுப் பிள்ளையாகவே இருக்கும். இன்று இரவு சாப்பாட்டின்போது ஒரு கேள்வி கேளுங்கள்: “வெளியிலிருந்து என்னென்ன வருகிறது? எதற்கெல்லாம் முத்திரை வைத்திருக்கிறாய்?” நம்மை நம்பிக் கார்டு எண்ணைத் தருகிறவர்களுக்காக நாம் கேட்க வேண்டிய கேள்வி இது.