படுத்து எழுந்தால் மது இறங்கிவிடுமா?

குடித்துவிட்டு வண்டி ஓட்டக்கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால், நேற்று இரவு குடித்தவர் இன்று அதிகாலை மோட்டார் சைக்கிளில் பெரட்டுக்கோ லோரி ஓட்டவோ கிளம்பலாமா என்று யோசிப்பவர்கள் குறைவு. 'ஒரு தூக்கம் போட்டாச்சு, எல்லாம் தெளிஞ்சாச்சு' என்பதே பலரின் நம்பிக்கை. உடம்பின் கணக்கு அப்படி இல்லை.

மது மற்ற உணவைப்போல் செரிக்க வேண்டியதில்லை. வயிற்றிலிருந்து கொஞ்சமும் சிறுகுடலிலிருந்து பெரும்பகுதியும் நேராக இரத்தத்தில் கலக்கிறது. வெறும் வயிற்றில் குடித்தால் வேகமாக ஏறும். சாப்பிட்டபின் குடித்தால் மெதுவாக ஏறும். கடைசி மிடறுக்குப் பிறகும் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை இரத்தத்தில் அதன் அளவு கூடிக்கொண்டே போகலாம்.

இரத்தத்தில் சேர்ந்ததை வெளியேற்றுவது பெரும்பாலும் கல்லீரல்தான். மூச்சு, வியர்வை, சிறுநீர் வழியே போவது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கல்லீரல் மதுவை முதலில் அசிட்டால்டிஹைட் என்ற நச்சுப் பொருளாக மாற்றுகிறது. பிறகு அதை அசிட்டேட்டாக்குகிறது. அது கடைசியில் தண்ணீராகவும் கரியமில வாயுவாகவும் பிரிகிறது. எவ்வளவு குடித்திருந்தாலும் இந்த வேலை ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் நடக்கும். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் குறையும். ஆளுக்கு ஆள் இது 10 முதல் 20 வரை மாறும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 320 மில்லிலிட்டர், 5 விழுக்காடு பீர் டின் ஒன்றில் சுமார் 12.5 கிராம் மதுச்சத்து இருக்கிறது. 40 விழுக்காடு விஸ்கியில் வெறும் 40 மில்லிலிட்டரிலேயே அதே அளவு உண்டு. 65 கிலோ எடையுள்ள ஆண் ஒருவர் இரவு 9 மணியிலிருந்து 12 மணிக்குள் ஏழு டின் குடித்தால், நள்ளிரவில் அவர் இரத்தத்தில் சுமார் 150 மில்லிகிராம் இருக்கும். விடியற்காலை 5 மணிக்கு 75. காலை 6 மணிக்கு 60. முற்றிலும் தீரும்போது காலை 10 மணி ஆகிவிடும். இதே அளவைக் குடிக்கும் பெண்ணுக்கு, உடலில் நீர்ச்சத்து குறைவு என்பதால், அளவு இன்னும் உயரும்.

மலேசியச் சட்டம் அனுமதிக்கும் உச்சவரம்பு 50 மில்லிகிராம். முன்பு 80 ஆக இருந்தது 2020-இல் குறைக்கப்பட்டது. வரம்பை மீறி ஓட்டினால் முதல் குற்றத்துக்கே 10,000 வெள்ளி முதல் 30,000 வெள்ளி வரை அபராதமும் 2 ஆண்டு வரை சிறையும் விதிக்கப்படலாம். லைசென்சும் குறைந்தது 2 ஆண்டுகளுக்கு முடக்கப்படும். மேலே சொன்னவர் நன்றாகத் தூங்கி எழுந்திருந்தாலும், காலை 6 மணிக்குப் போலீஸ் சாலைத் தடுப்பில் மாட்டினால் குற்றவாளிதான். அவர் வருமானத்தில் வாழும் குடும்பத்துக்கு அது பேரிடி.

கடுங்காப்பி, மோர், எலுமிச்சைச் சாறு, தலைக்குக் குளிர்ந்த நீர் எதுவும் கல்லீரலின் வேகத்தைக் கூட்டாது. காப்பி தூக்கத்தைத்தான் கலைக்கும். வாந்தி எடுத்தால் வயிற்றில் மிச்சமிருப்பது மட்டுமே வெளியே வரும். இரத்தத்தில் கலந்தது கலந்ததுதான். தினமும் குடித்துப் பழகியவர் தள்ளாடாமல் நடக்கலாம், தெளிவாகப் பேசலாம். மூச்சுச் சோதனைக் கருவி நடையைப் பார்ப்பதில்லை.

வீட்டில் உள்ளவர்கள் அறிந்திருக்க வேண்டியவை இரண்டு. அளவுக்கு மீறிக் குடித்து நினைவிழந்து கிடப்பவரை 'தூங்கட்டும்' என்று தனியே விடக்கூடாது. தூக்கத்திலும் மது ஏறிக்கொண்டிருக்கலாம், வாந்தி மூச்சுக்குழலை அடைக்கலாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து அருகிலேயே இருங்கள். எழுப்பியும் எழவில்லை, மூச்சு மெதுவாகவோ விட்டுவிட்டோ வருகிறது என்றால் உடனே 999-ஐ அழையுங்கள்.

அடுத்து, நீரிழிவு உள்ளவர்கள். மதுவைக் கையாளும் நேரத்தில் கல்லீரல் இரத்தத்துக்குத் தேவையான சர்க்கரையைச் சரிவரக் கொடுக்காது. இன்சுலினோ சில வகைச் சர்க்கரை மாத்திரைகளோ எடுப்பவருக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். உளறலும் தடுமாற்றமும் போதைபோலவே தெரியும். அதனால் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள்.

மறுநாள் காலை வேலை இருந்தால், குடிப்பதற்கு முன்பே மணிக்கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. கணக்கு இடிக்கிறது என்றால் அன்று குடிக்காமல் இருக்கலாம், அல்லது காலையில் வேறொருவரை ஓட்டச் சொல்லலாம். கல்லீரலை அவசரப்படுத்த மட்டும் யாராலும் முடியாது.