கடைமடை கேட்டால்தான் தண்ணீர்

கீழப்பாவூரிலிருந்து கல்லூரி மாணவர் ஒருவர் தன் ஜாவா நிரலை அனுப்பியிருக்கிறார். சந்தை விலைச்சீட்டு ஒரு லட்சம். அதில் சின்ன வெங்காயச் சீட்டுகளை மட்டும் எடுத்துக் கூட்ட வேண்டும். ஸ்ட்ரீமில் எழுதியும் மெதுவாகத்தான் ஓடுகிறதாம்.

2014-இல் ஜாவா 8-உடன் வந்த இந்த ஸ்ட்ரீமில் எனக்குப் பிடித்தது அதன் சோம்பல். ஃபில்டர், மேப் என்று எத்தனை வரி எழுதினாலும் எதுவும் ஓடாது. கடைசியில் சம், கலெக்ட் என்று ஒன்று கேட்டால்தான் ஓடும். எங்கள் ஊர்க் குளத்தில் கடைமடைக்காரர் வந்து கேட்ட பிறகு மடை திறப்பதுபோல. அப்போதும் மொத்தமாகப் பாயாது. ஒரு சீட்டு எல்லாப் படியையும் தாண்டிய பிறகே அடுத்த சீட்டு உள்ளே வரும். ஜாவா 9 முதல் சோம்பல் இன்னும் கூடிவிட்டது. பத்துப் பெயர் உள்ள பட்டியலில் மேப் போட்டு கவுண்ட் கேட்டால், மேப்பை ஓட்டாமலே பத்து என்று சொல்லிவிடலாம். நடுவே பீக்கில் அச்சிடச் சொல்லியிருந்தால் திரையில் ஒன்றும் வராது. பிழையென்று நினைத்து ஒரு ராத்திரி முழுக்கத் தேடியிருக்கிறேன்.

இந்த ஓட்டத்தை மறிப்பது, வரிசைப்படுத்தும் சார்டட். கடைசிச் சீட்டும் வந்து சேரும்வரை ஒன்றையும் கீழே விடாது. தம்பி அதை ஃபில்டருக்கு மேலே வைத்திருக்கிறார்; ஃபில்டர்தான் முதலில் வர வேண்டும். பாவூர்சத்திரம் சந்தைக்கு மூட்டை கட்டும்போது அப்பா அழுகலை முதலில் பொறுக்கி எறிவார், பிறகுதான் தரம் பிரிப்பார். கூட்டலுக்கு வரிசையே வேண்டாம் என்பது வேறு விஷயம்.

விலைகளை இன்டிஜராக வைத்திருப்பதும் வீண். 4 பைட்டில் அடங்கும் எண், பொருளாக மாறினால் வழக்கமாக 16 பைட் பிடிக்கும். ஒவ்வொரு வெங்காயத்தையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டுவது மாதிரி. மேப்டுஇன்ட் போதும்.

பேரலல் போட்டால் வேகம் வரும் என்று பலர் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கிறார்கள். எனக்கு வருத்தம் தருவது இதுதான். பேரலல் வேலையைப் பங்கிட்டுக் கொடுக்கும் வேலையாள் கூட்டம் நிரல் முழுவதற்கும் பொது. உங்கள் ஸ்ட்ரீம் இணையத்திலிருந்து பதில் வரக் காத்து நின்றால், அதே வாய்க்காலை நம்பியிருக்கும் மற்ற வேலைகளும் காயும். பங்கிடப் பட்டியலைப் பிரிக்கவும் வேண்டும். அரேலிஸ்டைப் பாதியாகப் பிரிப்பது சுலபம். லிங்க்டுலிஸ்டில் ஒவ்வொரு கண்ணியாக நடந்துதான் பிரிக்க முடியும்.

சார்டட்டை எடுத்துவிட்டு, ஜேஎம்ஹெச் என்ற வேகம் அளக்கும் கருவியை வைத்து அளந்து பாருங்கள் தம்பி. முதல் சில ஓட்டங்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஜாவா சூடாகச் சற்று நேரம் ஆகும்.