துறையூருக்கு மேலே ஒரு மலை

மலை எங்கே என்று திருச்சிக்காரரைக் கேட்டால் மலைக்கோட்டையைக் காட்டுவார். அது 83 மீட்டர் பாறை. அதே மாவட்டத்தில் 1000 மீட்டர் வரை எழும் பச்சைமலை இருப்பது ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவிலேயே பலருக்குத் தெரியாது.

சத்திரம் பேருந்து நிலையத்தில் துறையூர் வண்டி ஏற வேண்டும். பிறகு உப்பிலியபுரம், சோபனபுரம். அங்கே வனத்துறைச் சோதனைச்சாவடியைத் தாண்டினால் மலைப்பாதை. மேலே டாப் செங்காட்டுப்பட்டி. கம்பளியோடு வந்திறங்குகிறவர்களையும் பார்த்திருக்கிறேன், பாவம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரி போலத்தான் குறையும். அக்னி நட்சத்திரத்தில் கீழே 40 அடித்தால் மேலேயும் வெயில் வெயில்தான். இரவில் மட்டும் மின்விசிறி தேவைப்படாது.

அடிவாரத்தில் முள்காடு. ஏற ஏற, கோடையில் இலை உதிர்க்கும் மரங்கள். பங்குனியில் சரிவெல்லாம் காய்ந்து கிடக்கும். ஓடைக்கரையில்தான் நிழல் இருக்கும். மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்று தருவது. இங்குள்ள மங்களம் அருவியைப் பார்க்க அதுதான் காலம். மே மாதத்தில் போய்விட்டுத் தண்ணீரில்லை என்று திட்டக் கூடாது.

வண்ணாடு, கோம்பை, தென்பரநாடு பகுதிகளில் சிதறிய சிற்றூர்களில் மலையாளிப் பழங்குடியினர் வாழ்கிறார்கள். கேரளத்தோடு முடிச்சுப் போட வேண்டாம். இவர்கள் பேச்சு தமிழ், முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது வழிவழிக் கதை. பலா, முந்திரி, மரவள்ளி பயிரிடுகிறார்கள். மரவள்ளிக் கிழங்கு ஜவ்வரிசி ஆலைக்குப் போகும். ஆலைக்கு முந்தியே வந்து நிற்பது காட்டுப்பன்றி.

"என்ன பாட்டி, பன்றி வருமா?" என்று ஒரு கொல்லையோரம் கேட்டேன்.

"கெழங்கு இருந்தா வரும் சாமி. கேட்டுக்கிட்டா வரும்?"

மான், கரடி, மலைப்பாம்பும் இந்தக் காட்டில் உண்டு; காட்டெருமையும் கண்ணில் பட்டிருக்கிறது. ஆனால் காட்டு மிருகம் பார்க்க ஜீப்பில் சுற்றுகிற இடமல்ல இது. இங்கே காடும் கொல்லையும் ஒன்றுக்குள் ஒன்று கிடப்பதால், இரவில் யார் காவலிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே விளைச்சல். பாட்டி வீட்டில் அன்று முறை பேரனுடையது. தகர டப்பாவைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.