பந்தைத் திருப்பியது யார்?

1999 ஜனவரி 31. சென்னை சேப்பாக்கம் மைதானம். பரம எதிரிகளான இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிய டெஸ்ட் போட்டியின் நான்காம் நாள். இந்தியா ஜெயிக்க 271 ரன் வேண்டும். 82 ரன்னுக்கே 5 விக்கெட் போய்விட்டது. சச்சின் டெண்டுல்கரும் நயன் மோங்கியாவும் நின்று ஆடி அணியைத் தூக்கி நிறுத்தினார்கள். முதுகுவலியைப் பொறுத்துக்கொண்டே சச்சின் 136 ரன் குவித்துவிட்டார். இன்னும் 17 ரன்தான் பாக்கி!

அப்போது பாகிஸ்தானின் ஆஃப் ஸ்பின்னர் சக்லைன் முஷ்டாக் வீசிய பந்தைச் சச்சின் தூக்கி அடித்தார். அது மட்டையில் சரியாகப் படாமல் மேலே எழும்பி, வாசிம் அக்ரம் கையில் விழுந்தது. அடுத்த 4 ரன்னுக்குள் மீதி 3 விக்கெட்டும் காலி. பாகிஸ்தான் 12 ரன்னில் வென்றது.

சச்சினையே ஏமாற்றிய அந்தப் பந்தின் பெயர் தூஸ்ரா. ஆஃப் ஸ்பின்னர் வீசும் வழக்கமான பந்து, வலக்கை ஆட்டக்காரரை நோக்கி உள்ளே திரும்பும். தூஸ்ரா வெளியே திரும்பும். ஆனால், கை சுழலும் விதம் இரண்டுக்கும் ஒன்றுபோலவே தெரியும். அதுதான் சூட்சுமம்.

பந்து திரும்புவது எப்படி? தரையில் குத்தும்போது, சுழலும் பந்து தரையை ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. உராய்வு விசை பந்தை எதிர்ப்பக்கம் தள்ளிவிடுகிறது. சுழலும் திசையை மாற்றினால் பந்து திரும்பும் திசையும் மாறும். நாளாக நாளாக ஆடுகளம் காய்ந்து சொரசொரப்பாகும், உராய்வும் கூடும். கடைசி நாட்களில் சுழல்பந்து வீச்சாளர்கள் மிரட்டுவதற்குக் காரணம் இதுதான்.

தரையைத் தொடுவதற்கு முன்பே, காற்றிலும் பந்து வளையும். பந்தின் மேற்பகுதி முன்னோக்கி உருளும்படி சுழற்றி வீசினால், அது தன்னைக் கடந்து போகும் காற்றை மேல்நோக்கித் திருப்பிவிடுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி நினைவிருக்கிறதா? பந்து காற்றை மேலே தள்ள, காற்று பந்தைக் கீழே தள்ளுகிறது. அதனால் பந்து எதிர்பார்த்ததைவிடச் சட்டென்று இறங்குகிறது. 1852-இல் இதை ஆராய்ந்த ஜெர்மன் விஞ்ஞானி மேக்னஸின் பெயரால் இது ‘மேக்னஸ் விளைவு’ எனப்படுகிறது. அமெரிக்காவின் பேஸ்பாலில் பந்து பெரும்பாலும் தரையில் குத்தாமலேதான் மட்டைக்கு வரும். அங்கே வீச்சாளர்கள் பந்தை வளைக்க நம்பியிருப்பது முக்கியமாக இந்த விளைவைத்தான்.

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை மைதானங்களில் நீங்கள் ஆடும் டென்னிஸ் பந்தும் இந்த விளைவைப் பார்க்க அருமையான கருவி. அது கிரிக்கெட் பந்தைவிடச் சற்றே சிறியது. ஆனால் எடை சுமார் 58 கிராம்தான். கிரிக்கெட் பந்தோ 160 கிராம் இருக்கும். எடை குறைவு என்பதால் காற்று அதை எளிதில் தள்ளிவிடும்.

வீட்டிலேயே செய்து பார்ப்போமா? இரண்டு காகிதக் கோப்பைகளின் அடிப்பாகங்களை ஒட்டவையுங்கள். நான்கைந்து ரப்பர் பேண்டுகளைச் சங்கிலியாகக் கோத்து, கோப்பைகளின் நடுவில் சுற்றுங்கள். ரப்பரின் நுனி கோப்பைக்கு அடியிலிருந்து முன்பக்கம் வரட்டும். நுனியை ஒரு கையால் முன்னே பிடித்து, மறு கையால் கோப்பையைப் பின்னே இழுத்து விடுங்கள். கோப்பை சுழன்றபடி மேலே மிதக்கும்! ரப்பரின் நுனி மேலிருந்து வரும்படி சுற்றினால் கீழே பாயும். ஆட்கள் இல்லாத பக்கமாகப் பார்த்து விடுங்கள்.

அன்று சேப்பாக்கத்தில் இந்தியா தோற்ற வருத்தத்திலும் சென்னை ரசிகர்கள் எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டினார்கள். அந்த வீரர்களும் மைதானத்தைச் சுற்றி ஓடி நன்றி சொன்னார்கள். நண்பர்களே, அடுத்த தெரு அணியிடம் ஒரு ரன்னில் தோற்றால் முதலில் கைதட்டுங்கள். பிறகு அவர்கள் பந்தை எப்படிச் சுழற்றினார்கள் என்று கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள்.