நாளொன்றுக்கு எத்தனை முட்டை?

வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் பருவமெய்திய பெண்பிள்ளைக்குப் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொடுப்பது நெடுநாள் வழக்கம். நோக்கம் நன்றே. ஆயினும் பச்சை முட்டையிற் சல்மொனெல்லாக் கிருமி இருத்தல் கூடுமாதலின், நன்கு அவித்துக் கொடுத்தலே தக்கது.

எண்ணிக்கை யாது? மஞ்சட்கருவிலுள்ள கொலஸ்திரோலுக்கு அஞ்சி, வாரத்துக்கு மூன்று மஞ்சட்கருவுக்கு மேல் ஆகாதென்று 1968இல் அமெரிக்க இதயச் சங்கம் விதித்தது. குருதிக் கொலஸ்திரோலைப் பெரிதும் உயர்த்துவது நிறைவுற்ற கொழுப்பே எனப் பின்னர் தெளிவாயிற்று. உடல்நலமுடையோர் நாளொன்றுக்கு ஒரு முழு முட்டை உண்ணலாமென்று 2019இல் அச்சங்கமே கூறியது! நீரிழிவோ மிகுந்த கொலஸ்திரோலோ உடையவர் மஞ்சட்கருவைக் குறைத்தல் வேண்டும், வெண்கருவிற்குத் தடையில்லை.

முற்றத்துக் கோழியிட்ட முட்டையெல்லாம் சீனிக்கும் தேயிலைக்குமாகக் கடைக்குப் போகும் வீடுகளும் உண்டு. அங்கே, ஏறத்தாழ 6 கிராம் புரதந்தரும் முட்டையொன்றை வளரும் பிள்ளைக்கென முதலில் எடுத்துவைத்த பின்னரே எஞ்சியவற்றை விற்றல் வேண்டும்.