கொத்சில் எண்ணெய் ஏன் பிரிகிறது?

சிதம்பரத்தில் கத்தரிக்காய் கொத்சு வைப்பவர்களிடம் எப்போது இறக்குவது என்று கேட்டால், நிமிடக் கணக்குச் சொல்ல மாட்டார்கள். "நல்லெண்ணெய் பிரிஞ்சு மேல வரட்டும்" என்பார்கள். கடலூர் முதுநகர் மீன்குழம்புக்கும் அதே பக்குவம்தான்.

எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் ஆகாது என்று சொல்லியே பழகிவிட்டோம். அது வீண்பழி. இரண்டின் மூலக்கூறுகளும் ஒன்றையொன்று ஈர்க்கத்தான் செய்கின்றன. சமையல் எரிவாயு சிலிண்டரில் இருக்கும் பியூட்டேன், எண்ணெய்க்குச் சிற்றுறவு. திரவ பியூட்டேன் 25 டிகிரி நீரில் கரைந்தால், மோலுக்குச் சுமார் 4 கிலோஜூல் வெப்பம் வெளியேறுகிறது. அதாவது வரவு. பிறகு ஏன் கரைய மறுக்கிறது?

செலவு நீரின் பக்கம் விழுகிறது. நீர் மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோத்து நிற்பவை. ஒரு நொடியில் லட்சம் கோடியில் சில பங்கு நேரத்துக்குள் கையை விட்டு வேறு கை பிடிப்பவை. நடராஜர் தேரோட்டக் கூட்டம் போல. நடுவே வரும் எண்ணெய் மூலக்கூறுக்கோ கைகொடுக்கத் தெரியாது. அதைச் சுற்றியுள்ள நீர், பக்கவாட்டில் மட்டுமே கை நீட்ட வேண்டியிருக்கிறது. திரும்பிக்கொள்ளும் வழிகள் குறைகின்றன, அந்த வழிகளின் அளவான என்ட்ரோபி சரிகிறது. பியூட்டேன் கணக்கில் இந்த நஷ்டம் சுமார் 29 கிலோஜூல். 4 வரவு, 29 செலவு: யார்தான் கரைவார்கள்?

1945-இல் வேதியியலாளர்கள் பிராங்க், எவன்ஸ் இருவரும் எண்ணெய்ப் பொருளைச் சுற்றிய இந்த நீரைப் பனிப்பாறை என்றே வர்ணித்தார்கள். கொஞ்சம் மிகைதான், நீர் அங்கே உறைந்துவிடுவதில்லை.

குழம்பின் மேல் இரண்டு எண்ணெய்ப் பொட்டுகளைக் கரண்டி நுனியால் நெருக்கிப் பாருங்கள். சட்டென்று ஒன்றாகிவிடும். தனித்தனியே இருப்பதைவிடச் சேர்ந்தால் வெளிப்பரப்பு குறைவு. சிறைப்பட்ட நீர் அவ்வளவுக்கு விடுதலை. மேலே மிதப்பது மட்டும் அடர்த்தி குறைவதால். மிளகாயின் சிவப்புச் சாயமும் நீரில் கரையாத இனம். அதனால்தான் குழம்பைவிட அதன் மேல் நிற்கும் எண்ணெய் சிவந்திருக்கிறது.

மீனுக்குள்ளும் இதே கதை. புரதங்கள் நீரோடு ஒட்டாத தம் பகுதிகளை உள்ளே மடித்து வைத்துக்கொள்வதற்கு இதுவே பெரிய காரணம் என்று 1959-இல் வேதியியலாளர் கௌஸ்மன் எழுதினார். சூட்டில் அந்த மடிப்பு அவிழ்கிறது. வெளிப்பட்ட பகுதிகள் தமக்குள் ஒட்டிக்கொள்கின்றன. சட்டியில் போட்ட வஞ்சிரத் துண்டு வெளுத்து இறுகுவது அப்படித்தான்.